ஏரோ மூன்றாமாண்டு: போர்ட்ஃபோலியோவில் எந்த டிராயிங்கை வைப்பது?

விலாவெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஏரோஸ்பேஸ் மூன்றாமாண்டு படிக்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்ப ஒரு போர்ட்ஃபோலியோ தயார் செய்துகொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் சரக்கு இவ்வளவுதான்.

முதலாண்டில் கையால் வரைந்த ஷீட்டுகள்: ஆர்த்தோகிராஃபிக், ஐசோமெட்ரிக், செக்‌ஷன், கடைசியில் ஒரு பிளம்மர் பிளாக் (சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் கூடு) அசெம்பிளி. அப்புறம் ரேடியோவில் ஓட்டும் ஒரு சின்ன விமானம். நாகா 2412 என்ற குறுக்குவெட்டு வடிவத்தில் இறக்கை, அதன் கார்டு (முன்முனையிலிருந்து பின்முனை வரை உள்ள அகலம்) வேரில் 200 மி.மீ., நுனியில் 100. ரிப்புகளை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகள்) லேசரில் வெட்டினோம். மூன்றாவது, சின்ன ராக்கெட் மோட்டாரின் உந்துவிசையை அளக்கும் ஸ்டாண்டு. குழுவாகச் செய்தது, ஆனால் லோட் செல்லை (விசையை அளக்கும் சென்சார்) தாங்கும் எல் வடிவ அலுமினிய பிராக்கெட் முழுக்க என்னுடையது. நான்காவது ஒரு டர்போஃபேன் மாடல். பிளேடு பிளேடாக உட்கார்ந்து செய்தேன், ரெண்டர் பிரமாதமாக வந்திருக்கிறது.

டர்போஃபேனை முதல் பக்கத்தில் போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 2டி டிராயிங்கை இப்போது யார் பார்க்கிறார்கள், மாடலை அனுப்பினால் மெஷின் வெட்டிவிடும் என்றும் சொல்கிறார்கள். அது உண்மையா? ஜிடி&டி (பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு பிசகலாம் என்று டிராயிங்கில் குறியீடுகளால் சொல்லும் முறை) ஒரு செமஸ்டரில் மேலோட்டமாகத்தான் படித்தோம். அதை எந்த அளவுக்குக் காட்ட வேண்டும்? கையால் வரைந்த ஷீட்டுகளைப் போட்டால் சிரிப்பார்களா?

டேட்டம் ஏ:

டர்போஃபேனைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். பிராக்கெட் முதல் பக்கம்.

நானும் ஏரோதான் படித்தேன். இப்போது என் வேலையில் பெரும்பகுதி மற்றவர்கள் போட்ட டிராயிங்கைச் சரிபார்த்து சிவப்பு மையில் திருப்பி அனுப்புவது. இன்டர்ன் விண்ணப்பங்களும் என் மேசைக்கு வரும். ரெண்டரைப் பார்த்தால் இவருக்கு மென்பொருள் தெரியும் என்று புரிகிறது. அது இன்று யாருக்குத்தான் தெரியாது? உங்கள் நான்கில் வேறொருவர் செய்த பொருளோடு கச்சிதமாகப் பொருந்தியே ஆக வேண்டிய உலோகப் பாகம் பிராக்கெட் ஒன்றுதான். லோட் செல் எங்கோ தயாரானது, ஸ்டாண்டு உங்கள் குழுவினர் செய்தது, நடுவில் உங்கள் பாகம். டிராயிங் என்ற ஒன்று தேவைப்படுவதே இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அதையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எந்த முகம் டேட்டம் ஏ, அதாவது மற்ற அளவுகளை எதிலிருந்து எடுக்கிறோமோ அந்த முதல் அடிப்படை? மாணவர்கள் பெரும்பாலும் பரப்பில் பெரிய முகத்தை எடுப்பார்கள், இல்லாவிட்டால் காட் (CAD) மென்பொருளில் முதலில் ஸ்கெட்ச் போட்ட தளத்தை. அசெம்பிளியில் பாகம் எதன் மேல் முதலில் உட்காருகிறதோ, அதுதான் ஏ. உங்கள் பிராக்கெட்டில் அது ஸ்டாண்டோடு போல்ட் ஆகும் அடி முகம். அது மூன்று புள்ளியில் தொட்டு உட்காரும், அடுத்த டேட்டமான பி இரண்டு புள்ளியில், சி ஒரு புள்ளியில். அதற்கு மேல் பாகம் அசையாது. அளக்கிறவர் ஃபிக்சரில் வைக்கும் வரிசையும் இதுவேதான்.

அடுத்து, லோட் செல் உட்காரும் நின்ற முகம். அது ஏ-க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். எவ்வளவு துல்லியமாக? வரும் டிராயிங்குகளில் பாதியில் 0.02 என்று போட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. உங்கள் ஸ்டாண்டில் கணக்குப் போடலாம். முகம் 1 டிகிரி சாய்ந்தால் செல் காட்டும் அளவு கொசைன் 1 டிகிரியால், அதாவது 0.99985 ஆல் பெருகும். 0.015 சதவீதம் குறையும், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் சைன் 1 டிகிரி 0.0175. மோட்டார் 500 நியூட்டன் தள்ளினால் ஏறக்குறைய 8.7 நியூட்டன் செல்லைப் பக்கவாட்டில் வளைக்கும். சாதாரண ஒற்றை அச்சு லோட் செல்லுக்கு இந்தப் பக்கச் சுமைதான் ஆகாது. இப்போது 60 மி.மீ. உயர முகத்துக்கு 0.1 மி.மீ. செங்குத்து டாலரன்ஸ் (அனுமதிக்கும் பிசகு) கொடுத்துப் பாருங்கள். சாய்வு 0.1 டிகிரிக்குள் நிற்கும், பக்கச் சுமை 0.8 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடும். 0.1 போதும். 0.02 கேட்டால் காசுதான் வீண்.

இந்தக் கணக்கை டிராயிங்குக்குப் பக்கத்தில் நான்கு வரியில் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் அங்கேதான் நிற்பார். ஜிடி&டி எந்த அளவுக்கு என்று கேட்டீர்கள். 14 குறியீடும் தெரியும் என்று காட்ட வேண்டியதில்லை. மூன்று நான்கு போட்டாலும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நான்கு போல்ட் துளைகளுக்கு வருவோம். எம்5 போல்ட், 5.5 மி.மீ. கிளியரன்ஸ் துளை, எதிர்ப்பக்கம் லோட் செல்லில் மரை போட்ட துளை என்று வைத்துக்கொள்கிறேன். இடைவெளி 0.5. அதை இரண்டு பாகமும் பாதிப்பாதியாகப் பங்கிட்டால் ஆளுக்கு 0.25 விட்டம் பொசிஷன் டாலரன்ஸ், அதாவது துளையின் மையம் அந்த விட்டமுள்ள வட்டத்துக்குள் இருந்தால் போதும். செல் தயாரிப்பாளர் தன் பக்கத்துக்கு வேறு எண் கொடுத்திருந்தால் உங்கள் பங்கு அதற்கேற்ப மாறும். இதையே எக்ஸ், ஒய் இரண்டிலும் ±0.1 என்று போட்டால் துளையின் மையம் ஒரு சதுரத்துக்குள் அடைபடும். அந்தச் சதுரத்தின் மூலை வரை போனாலும் போல்ட் ஏறுகிறது என்றால், மூலையைத் தொடும் முழு வட்டத்துக்குள் எங்கே போனாலும் ஏறும்தானே? வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். நல்ல பாகங்களைச் சும்மா தள்ளுபடி செய்கிறோம் என்று இதை முதலில் எடுத்துச் சொன்னவர் ஸ்டான்லி பார்க்கர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜிடி&டி என்று இன்று நாம் படிப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

சரி, இறக்கை. ரிப் டிராயிங்கில் ஏர்ஃபாயில் வளைவுக்குப் புள்ளி புள்ளியாக டைமென்ஷன் கொடுத்து ஷீட்டை ரொப்ப வேண்டாம். நாகா 2412 என்றால் கேம்பர் (நடுக்கோட்டின் வளைவு) 2 சதவீதம், அது கார்டில் 40 சதவீதத்தில், தடிமன் 12 சதவீதம். ஆயங்கள் ஃபைலில் இருக்கட்டும், டிராயிங்கில் ஒரு புரொஃபைல் டாலரன்ஸ் (வளைவு முழுக்க எவ்வளவு விலகலாம் என்ற ஒரே எண்) போதும். நான் பார்க்க விரும்புவது இரண்டு இடம். ஒன்று ஸ்பார் (இறக்கை நீளத்துக்கு ஓடும் முதன்மைச் சட்டம்) நுழையும் வெட்டு. டேட்டம் அதிலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் ரிப் நிற்பது அதன் மேல்தான். லீடிங் எட்ஜ் (முன்முனை) நுனியிலிருந்து எடுத்தால், மணல்தாள் போடும்போதே டேட்டம் போய்விடும். இன்னொன்று டிரெய்லிங் எட்ஜ். வழக்கமான நாலு இலக்கச் சூத்திரத்தில் பின்முனை முழுசாக மூடாது. 12 சதவீத ஏர்ஃபாயிலில் கார்டில் கால் சதவீதம் திறந்தே இருக்கும். உங்கள் வேர் ரிப்பில் அது 0.5 மி.மீ., நுனி ரிப்பில் 0.25. லேசர் அந்த 0.25-ஐக் கருக்கித் தள்ளியிருக்கும். அதை எப்படிச் சமாளித்தீர்கள்? ரிப்பை முன்னாலேயே வெட்டி நிறுத்தி, பின்னால் தனிக் கட்டை ஒட்டினீர்களா? அந்த முடிவை டிராயிங்கில் ஒரு டீட்டெயில் வியூவாகக் காட்டுங்கள். மொத்த இறக்கையின் அழகான படத்தைவிட அந்தச் சின்ன வட்டம் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

ரிப்புகளுக்கு ஆர்1, ஆர்2 என்று பெயர் வைக்காமல் ஸ்டேஷன் எண்ணால் (ஒரு குறிப்பு இடத்திலிருந்து உள்ள தூரம்) குறிப்பிடுவதும் நல்ல பழக்கம். இதே மாதிரி விமான டிராயிங்குகளில் உயரத்தைக் குறிக்கும் வாட்டர் லைன், பக்கவாட்டுத் தூரத்தைக் குறிக்கும் பட்டாக் லைன் எல்லாம் கப்பல் கட்டியவர்களிடமிருந்து வந்தவை. தண்ணீரே படாத விமானத்துக்கு வாட்டர் லைன் எதற்கு என்று முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அசெம்பிளி டிராயிங்கில் ஒரு விஷயம். ஜெனசிஸ் என்ற விண்கலம் சூரியக்காற்றுத் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குத் திரும்பியது. பாராசூட் விரியவே இல்லை, கேப்சூல் நேராகத் தரையில் மோதியது. வளிமண்டலத்தில் வேகம் குறைவதை உணர வேண்டிய ஜி-ஸ்விட்சுகள் தலைகீழாக இருந்ததுதான் காரணம். பொருத்தியவர்கள் அவசரத்தில் மாற்றி வைக்கவில்லை. டிசைனே அப்படி இருந்தது, டிராயிங் சொன்னபடி அவர்கள் செய்தார்கள். உங்கள் லோட் செல்லுக்கும் திசை உண்டு. அசெம்பிளி ஷீட்டில் உந்துவிசை எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கையால் வரைந்ததில் பிளம்மர் பிளாக் ஒன்றை மட்டும் வையுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். செக்‌ஷனில் ஷாஃப்ட், போல்ட், ரிப் இவற்றுக்கு நீளவாக்கில் ஹாட்சிங் (வெட்டுமுகத்தைக் காட்டும் சாய்கோடுகள்) போடாமல் விட்டிருக்கிறீர்களா என்று கட்டாயம் பார்ப்பார்கள். மென்பொருள் கேட்காமலே எல்லாவற்றுக்கும் கோடு போட்டுத் தள்ளும், கையால் வரைந்தவனுக்குத்தான் எதை விட வேண்டும் என்று தெரியும். அதோடு வெள்ளைத் தாளில் போட்ட ஒரு ஃப்ரீஹேண்ட் ஸ்கெட்ச் இருந்தால் சேர்த்துவிடுங்கள். பிராக்கெட்டுக்கு முதல் யோசனை எப்படி வந்தது என்பதைக் காட்டும் அழுக்கு ஸ்கெட்ச். அழித்து நகலெடுக்க வேண்டாம்.

கட்டர் தேய்மானம்:

தம்பி, நான் மில்லிங் மெஷினுக்கு இந்தப் பக்கம் நிற்பவன். டேட்டம் சொன்னதில் எனக்கு எதிர்ப்பு எதுவும் இல்லை, எங்கள் தரப்பில் இருந்து கொஞ்சம்.

உள்மூலை. பாக்கெட்டின் மூலையைக் கூராக வரைந்து அனுப்புகிறார்கள். சுற்றும் கட்டர் கூரான உள்மூலையை வெட்டாது. சரி என்று 10 மி.மீ. கட்டருக்கு ஆரம் 5 கொடுப்பார்கள். அதுவும் தொல்லைதான். மூலையில் கட்டர் ஒரேயடியாகக் கால்வாசி சுற்றளவும் பிடித்துக்கொண்டு அதிரும், சுவரில் அலை அலையாக அடையாளம் விழும். 6 கொடுத்தால் வளைந்து போய்விடும். உனக்கு அந்த 1 மி.மீ. பெரிதில்லை என்றால் எனக்குக் கொடு.

டெசிமல். காடில் செட்டிங் மாற்றாமல் எல்லா டைமென்ஷனும் 24.000, 60.000 என்று வரும். சில இடங்களில் மூன்று பூஜ்யம் என்றால் டைட்டில் பிளாக்கில் அதற்கென்று தனி டாலரன்ஸ் எழுதியிருக்கும். அப்படியென்றால் பிராக்கெட்டின் வெளி அளவைக்கூட நான் மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 2768 (தனியாக டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கான பொதுத் தரம்) மீடியம் என்று ஒரு வரி போட்டுவிட்டால் 30-க்கு மேல் 120 வரை ±0.3. வெளி அளவுகளுக்கு அது தாராளம். டவல் பின் (பாகத்தை இடம் பிசகாமல் நிறுத்தும் முளை) துளைக்கு மட்டும் எச்7 என்ற இறுக்கமான டாலரன்ஸ் போடு. 10 மி.மீ. துளையில் அது 0-லிருந்து +0.015. அதற்கு ரீமர் (துளையை நுணுக்கமாகச் சீவும் கருவி) எடுக்கிறேன், சந்தோஷமாகச் செய்கிறேன். நான்கு போல்ட் துளைக்கும் எச்7 போட்டு வந்தால் போனைத்தான் எடுப்பேன்.

மரை போடும் குருட்டுத் துளைக்கு டிரில் ஆழம் தனி, மரை ஆழம் தனி. இரண்டும் ஒரே எண் என்றால் டேப் (மரை வெட்டும் கருவி) முட்டி உடையும்.

அப்புறம் புரொஜெக்‌ஷன் குறி. முதல் கோணமா மூன்றாம் கோணமா (பக்கத் தோற்றங்களை எந்தப் பக்கம் வரைவது என்ற இரண்டு முறைகள்) என்று காட்டும் அந்த வெட்டுக்கூம்பு அடையாளம் இல்லாமல் வரும் ஷீட்டை நான் மெஷினுக்கே கொண்டுபோவதில்லை. சமச்சீர் பாகம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். உன் பிராக்கெட்டில் ஒரு பக்கம் மட்டும் ஒயர் போகும் வெட்டு இருந்தால், தப்பாகப் படித்தால் கண்ணாடிப் பிம்பமாக வந்து நிற்கும். அலுமினியத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள முடியாது.

திசை பற்றி டேட்டம் சொன்னதற்கு ஒட்டு. அம்புக்குறி மட்டும் போதாது. 2013 ஜூலை 2-ல் புரோட்டான்-எம் ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் கவிழ்ந்து விழுந்ததே, அதில் கோண வேக சென்சார்கள் தலைகீழாக மாட்டியிருந்தன. மேல் எது என்று அம்புக்குறி இருந்தது. இருந்தும் அழுத்தி மாட்ட முடிந்திருக்கிறது. நாலு துளையில் ஒன்றை 3 மி.மீ. தள்ளிப் போட்டால் தப்பாக மாட்டவே முடியாது. உன் செல் பக்கம் அதை மாற்ற முடியாது, ஆனால் ஸ்டாண்டு பக்கம் உன் கையில்தானே இருக்கிறது?

மாடலே மூலம்:

கேள்வியின் ஒரு பகுதியை யாரும் தொடவில்லை. 2டி தேவையா? என் கருத்து கொஞ்சம் வேறு.

போயிங் 777 முழுக்கக் கணினியில் 3டியாக வடிவமைத்த விமானம், முதல் முறை பறந்தது 1994-ல். மாடலிலேயே டாலரன்ஸை எழுதுவதற்கு ஏஎஸ்எம்இ ஒய்14.41 என்ற அமெரிக்கத் தரம் 2003-ல் வந்தது. ஸ்டெப் ஏபி242 என்ற வகை 3டி ஃபைல் அந்தக் குறிப்புகளை மென்பொருள் படிக்கும்படி எடுத்துப்போகும், சிஎம்எம் (பாகத்தை அளக்கும் கணினி இயந்திரம்) நிரல்கூட அதிலிருந்து எழுதலாம். ஆகவே ஷீட்டுக்கு வயதாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நண்பர்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு தலைகீழ். வெறும் மாடலில் எல்லா அளவும் துல்லியமான ஒற்றை எண். எது 0.3 தவறலாம், எது 0.015-க்கு மேல் தவறக்கூடாது என்று அது சொல்லாது. டேட்டம், பொசிஷன், புரொஃபைல் இவற்றை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும், தாளில் இல்லையென்றால் மாடலின் மேல். நேரம் இருந்தால் அதே பிராக்கெட்டை இரண்டு விதமாகவும் செய்யுங்கள். இன்டர்ன் விண்ணப்பத்தில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

விலாவெட்டி:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. டேட்டம் அக்கா, டிரெய்லிங் எட்ஜ் நீங்கள் சொன்ன மாதிரியேதான். ரிப்பை கார்டில் 92 சதவீதத்தில் நிறுத்தி, பால்சா முக்கோணக் கட்டை ஒட்டினோம். அதற்கு டீட்டெயில் வியூ இல்லை, இன்று போடுகிறேன். கட்டர் அண்ணன், ஸ்டாண்டு பக்கத் துளையைத் தள்ளிப் போடும் யோசனை அருமை, குழுவில் சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். டைட்டில் பிளாக்கில் ஐஎஸ்ஓ என்று எழுதுவதா, ஏஎஸ்எம்இ என்றா? எங்கள் பாடத்தில் இரண்டும் கலந்து வந்தது. இன்னொன்று, செய்த பாகத்தை அளந்து காட்டினால் நல்லது என்று தோன்றுகிறது. சிஎம்எம் கிடைக்காது. வெர்னியர், டயல் இண்டிகேட்டர், சர்ஃபேஸ் பிளேட் இருக்கிறது.

டேட்டம் ஏ:

எதுவானாலும் சரி, ஒன்றை மட்டும் எழுதுங்கள், ஆண்டோடு. கலந்து எழுதினால் ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம் வரும். 100 மி.மீ. நீளப் பின் ஒன்று, விட்டம் 9.9 முதல் 10.0 வரை இருக்கலாம் என்று டிராயிங்கில் இருக்கிறது. வந்த பின் எங்கே அளந்தாலும் 9.95, ஆனால் நடுவில் 0.3 வளைந்திருக்கிறது. ஏஎஸ்எம்இ ஒய்14.5 படி தள்ளுபடி, ஏனென்றால் வேறு எதுவும் சொல்லாவிட்டால் முழுப் பின்னும் 10.0 விட்டமுள்ள கச்சிதமான உருளைக்குள் அடங்க வேண்டும். ஐஎஸ்ஓ 8015 படி அந்த எண் விட்டத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும், வளைவைத் தனியாகச் சொல்லவில்லையென்றால் பின் பாஸ். கட்டர் அண்ணன் சொன்ன 2768 வரியைப் போடப்போகிறீர்கள் என்றால் ஐஎஸ்ஓ பக்கமே நில்லுங்கள். அதில் முதல் பாகத்தை மட்டும் குறிப்பிடுங்கள். வடிவம், நிலை பற்றிய இரண்டாம் பாகத்தை 2021-ல் விலக்கிக்கொண்டார்கள், அதன் இடத்தில் இப்போது ஐஎஸ்ஓ 22081.

அளப்பதற்கு நீங்கள் சொன்ன மூன்றும் தாராளம், ஓர் ஆங்கிள் பிளேட் (துல்லியமாக 90 டிகிரியில் நிற்கும் தாங்கி) கூடக் கிடைத்தால் வேலை முடிந்தது. பிராக்கெட்டின் ஏ முகத்தை ஆங்கிள் பிளேட்டின் நின்ற பக்கத்தில் சாய்த்து கிளாம்ப் போடுங்கள். லோட் செல் முகம் இப்போது மேலே பார்த்துப் படுத்திருக்கும், சர்ஃபேஸ் பிளேட்டுக்கு இணையாக. முகம் சுழன்று நிற்காதபடி ஓர் ஓரத்தை மட்டும் சமன் செய்துகொள்ளுங்கள். பிறகு டயலை ஸ்டாண்டோடு தள்ளி முகம் முழுக்க ஓட்டுங்கள், நான்கு மூலையும் நடுவும் விடாமல். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எண். அது 0.1-க்குள் வந்தால் சரி. ஆங்கிள் பிளேட்டின் சொந்தப் பிழையும் அதில் கலந்திருக்கும், அதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். 0.13 வந்தாலும் மறைக்காமல் அப்படியே போடுங்கள், பக்கச் சுமை அப்போது எவ்வளவு என்று பக்கத்திலேயே கணக்கு எழுதுங்கள். 500 நியூட்டனுக்கு 1.1 நியூட்டன் வரும், அதை உங்கள் செல்லின் டேட்டா ஷீட்டில் அனுமதித்த பக்கச் சுமையோடு ஒப்பிட்டால் பாகத்தை ஏற்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஷீட் ஏ3 போதும். அதை ஏ4-ல் சுருக்கி அச்சிட்டு எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், நிறையப் பேர் அப்படித்தான் அச்செடுத்துப் பார்ப்பார்கள்.